தென்காசி: பிளந்து நின்ற கோபுரம், கொட்டும் அருவி... 15-ம் நூற்றாண்டு ராஜா வைத்த வேண்டுகோள் என்ன தெரியுமா?

ஜூன் மாதம் வந்தாலே போதும், 'குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சா?' என்ற கேள்வி தமிழ்நாடு முழுக்க கேட்கும். சனி, ஞாயிறு ஆனால் தென்காசி ரோட்டில் கார் நகராது. அருவியில குளிச்சோம், பார்டர் பரோட்டா சாப்பிட்டோம், கிளம்பினோம் என்று வந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆனால் குற்றாலத்துக்குப் போகும் வழியில் நாம் பஸ்ஸை விட்டு இறங்காமலே கடந்து போகும் தென்காசி, ஒரு காலத்தில் பாண்டியர்களின் தலைநகரம். அங்கே ஒரு ராஜா, தனக்குப் பிறகு வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த வேண்டுகோளுக்கும் இன்றைய குற்றாலம் அருவிக்கும் கூட ஒரு தொடர்பு இருக்கிறது. விரிவா பார்க்கலாம்.

தென்காசி எங்கே இருக்கு? ஏன் இவ்வளவு காற்று?

திருநெல்வேலியில் இருந்து மேற்கே சுமார் 55 கி.மீ. தூரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது தென்காசி. இங்கிருந்து குற்றாலம் 5 கி.மீ. தான். செங்கோட்டை சுமார் 8 கி.மீ. அதைத் தாண்டி புளியரை மலைப்பாதையில் ஏறினால் கேரளா.

இந்த ஊரின் வரலாறு, வானிலை, சாப்பாடு என எல்லாத்தையும் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்தால் போதும். அது ஆரியங்காவு கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை, கேரளாவில் கொட்டும் தென்மேற்குப் பருவமழையைத் தமிழ்நாட்டுப் பக்கம் வரவிடாமல் ஒரு சுவர் மாதிரி தடுத்து நிற்கிறது. அந்தச் சுவரில் இருக்கும் ஒரு இடைவெளிதான் இந்தக் கணவாய். ஜூன், ஜூலையில் திருநெல்வேலி டவுனில் வெயில் கொளுத்தும்போது, தென்காசியில் மட்டும் குளிர்ந்த காற்றும் சாரலும் இருப்பதற்கு இதுதான் காரணம். மலையின் அந்தப் பக்கம் பெய்யும் மழையில் ஒரு பங்கு, காற்றோடு சேர்ந்து இந்த வழியா எட்டிப் பார்க்கிறது.

காற்று மட்டுமில்லை. வியாபாரிகள், படைகள், பக்தர்கள், பிறகு ரயில் என்று எல்லோரும் மலையைத் தாண்டியது இந்தப் பக்கமாகத்தான். இப்போது திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையும் இதே வழியில்தான் போகிறது.

மதுரையை இழந்த பாண்டியர்கள் இங்கே வந்தது ஏன்?

பாண்டியர்கள் என்றால் நமக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். ஆனால் 14-ம் நூற்றாண்டில் வடக்கே இருந்து வந்த படையெடுப்புகளால் மதுரை அவர்கள் கையை விட்டுப் போனது. அதன்பிறகு அங்கே சுல்தான்கள், விஜயநகரத்தார், நாயக்கர்கள் என ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. பாண்டிய வம்சத்தினர் தெற்கே நகர்ந்து, நெல்லைச் சீமையில் தங்கள் ஆட்சியைத் தொடர்ந்தார்கள். அவர்களின் முக்கியமான ஊராக எழுந்ததுதான் தென்காசி. வரலாற்று ஆய்வாளர்கள் இவர்களைத் 'தென்காசிப் பாண்டியர்கள்' என்றே அழைக்கிறார்கள்.

இவர்களில் பெயர் பெற்றவர் அரிகேசரி பராக்கிரம பாண்டியன். காசி விஸ்வநாதர் கோயில் கட்டும் பணியை 1446-ல் இவர் தொடங்கினார். இதற்கு ஊரில் சொல்லும் கதை இது: தெற்கே இருந்து காசிக்கு நடந்து போகும் பக்தர்கள் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். ஒருநாள் ராஜாவின் கனவில் சிவன் வந்து, 'எறும்புகள் சாரை சாரையாப் போகும் வழியைப் பிடிச்சுப் போ, அது முடியுற இடத்துல எனக்குக் கோயில் கட்டு' என்றாராம். எறும்புகள் போய் நின்ற இடம்தான் இன்றைய கோயில் என்பது நம்பிக்கை. வடக்கே காசி, தெற்கே இது. அதனால் தென்காசி.

சரி, அந்த வேண்டுகோள் என்ன?

கோயில் கட்டிய ராஜாக்கள் கல்வெட்டில் பொதுவா என்ன எழுதுவார்கள்? எந்தெந்த நாட்டை ஜெயித்தோம், எவ்வளவு பொன்னும் நிலமும் கொடுத்தோம் என்று எழுதுவார்கள். கோயில் சொத்தை அழிப்பவர்களுக்குச் சாபமும் சேர்த்து எழுதுவார்கள்.

பராக்கிரம பாண்டியன் எழுதி வைத்தது வேறு மாதிரி. இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது சேதம் வந்தால், அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் பாதத்தில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்பதுதான் அதன் பொருள். நாட்டை ஆள்கிற ராஜா, இன்னும் பிறக்காத ஒருத்தர் காலில் முன்கூட்டியே விழுகிறார். தென்காசிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்லும் கல்வெட்டு இது.

அவருடைய பயம் வீண் போகவில்லை. கோபுர வேலை முடிவதைப் பார்க்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். தம்பி குலசேகர பாண்டியன் அதை முடித்தார். அந்தக் கோபுரமும் 19-ம் நூற்றாண்டில் சிதைந்து, நடுவில் பிளந்து, மேல்பாகம் இல்லாமல் நின்றது. தலைமுறை தலைமுறையா தென்காசி மக்கள் பார்த்து வளர்ந்தது அந்த உடைந்த கோபுரத்தைத்தான்.

அதை மீண்டும் எழுப்பும் முயற்சி 1980-களில் வேகம் எடுத்தது. 'தினத்தந்தி' அதிபர் சிவந்தி ஆதித்தன் முன்நின்று நடத்திய திருப்பணியில், பக்தர்கள் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து, 9 நிலைகளோடு சுமார் 180 அடி உயரத்துக்குக் கோபுரம் எழுந்தது. 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று ஊருக்குள் நுழையும்போதே தூரத்தில் தெரியும் ராஜகோபுரம் இதுதான். அதாவது, கோயில் 15-ம் நூற்றாண்டு. கோபுரத்தின் மேல்பகுதி நம் காலத்தில் கட்டியது. அண்மையில் 2025 ஏப்ரலிலும் கும்பாபிஷேகம் நடந்தது.

கோயிலுக்குள்ள எதையெல்லாம் பார்க்கணும்?

முதலில் காற்று. கோபுர வாசலில் நுழையும்போது எதிர்க்காற்று முகத்தில் மோதும். சில அடி உள்ளே போனதும் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும் என்பார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது. எதிரே மேற்கில் மலைக் கணவாய். உயரமான, குறுகலான கோபுர வாசல் வழியாக அந்தக் காற்று பாய்வதால் கிடைக்கும் அனுபவம் இது. சாரல் நாட்களில் போனால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்து சிற்பங்கள். முன்மண்டபத் தூண்களில் வீரபத்திரர், தாண்டவமாடும் சிவன், காளி, மன்மதன், ரதி என்று ஆள் உயரத்துக்கும் மேலான சிலைகள். தூணும் சிலையும் ஒரே கல். நகம், நகை, தசை மடிப்பு வரை அவ்வளவு நுணுக்கம். பெரும்பாலானவர்கள் சாமி கும்பிடும் அவசரத்தில் இவற்றைக் கடந்து போய்விடுகிறார்கள். ஒரு பத்து நிமிஷம் நின்று பாருங்க.

இங்கே அம்மனின் பெயர் உலகம்மன். மாசி மகப் பெருவிழாவும், ஐப்பசித் திருக்கல்யாணமும் இந்தக் கோயிலின் பெரிய திருவிழாக்கள்.

இன்னொரு விஷயம். பள்ளியில் நாம் படித்த 'வெற்றி வேற்கை' ஞாபகம் இருக்கா? அதை எழுதியவர் இந்தத் தென்காசிப் பாண்டியர் வம்சத்து அதிவீரராம பாண்டியன். 16-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். நளன் கதையைச் சொல்லும் 'நைடதம்', காசியின் பெருமை சொல்லும் 'காசி காண்டம்' இரண்டும் இவர் எழுதியவைதான். பெரிய சாம்ராஜ்யம் கையில் இல்லாவிட்டாலும், தமிழை விடாமல் பிடித்துக்கொண்ட வம்சம் இது.

குற்றாலம்: ஒரு அருவி இல்லை, பல அருவி

குற்றாலம்னு சொன்னதும் மனசுல வருவது மெயின் அருவி, அதாவது பேரருவி. திரிகூட மலையில் இருந்து இறங்கும் சிற்றாறுதான் இங்கே அருவியாக விழுகிறது. பாறையின் நடுவில் 'பொங்குமாகடல்' என்ற ஆழமான பள்ளம் இருக்கிறது. மேலிருந்து பாயும் தண்ணீர் முதலில் அதில் விழுந்து, வேகம் உடைந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லை என்றால் இவ்வளவு உயரத்தில் இருந்து நேராக விழும் தண்ணீரின் கீழ் யாரும் நிற்கவே முடியாது.

மற்ற அருவிகள்:

ஐந்தருவி: பாறையில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு.

பழைய குற்றாலம்: மெயின் அருவியில் இருந்து சில கி.மீ. தள்ளி இருக்கிறது. படிப்படியான பாறையில் இறங்கும் அருவி.

புலியருவி, சிற்றருவி: சின்ன அருவிகள். குழந்தைகளோடு வருகிறவர்கள் விரும்பும் இடங்கள்.

செண்பகாதேவி அருவி, தேனருவி: மெயின் அருவிக்கு மேலே காட்டுக்குள் இருப்பவை. பாதுகாப்பு கருதி வனத்துறை பொதுமக்களை அனுமதிப்பதில்லை.

பழத்தோட்ட அருவி: தோட்டக்கலைத் துறைப் பண்ணையில் இருக்கும் அருவி. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் ஜாதிக்காய், கிராம்பு போன்ற வாசனைப் பயிர்களை வளர்த்துப் பார்க்கக் குற்றாலத்தில் தோட்டம் போட்டார்கள். சீசனில் ரோட்டோரம் விற்கும் மங்குஸ்தான், ரம்புட்டான் பழங்களை இங்கே வாங்காமல் யாரும் ஊர் திரும்புவதில்லை.

மலையில் இறங்கிய சிற்றாறு, தென்காசி வழியாக ஓடி, வழியில் குளங்களையும் வயல்களையும் நிரப்பி, கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. நாம் அரைமணி நேரம் குளித்துவிட்டு வரும் தண்ணீர், கீழே இருப்பவர்களுக்குப் பாசனம்.

குளிச்சாச்சு, அடுத்து என்ன?

மெயின் அருவிக்குப் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில். திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. மேலிருந்து பார்த்தால் கோயில் சங்கு வடிவத்தில் இருக்கும். முதலில் விஷ்ணு கோயிலாக இருந்ததை அகத்தியர் சிவன் கோயிலாக மாற்றினார் என்பது தல புராணம். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் இங்கே உண்டு. தல மரம் குறும்பலா.

கொஞ்ச தூரம் தள்ளி, குளத்தோடு சேர்ந்து தனியாக இருக்கிறது சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று. சிதம்பரம் பொன்னம்பலம், மதுரை வெள்ளியம்பலம், திருநெல்வேலி தாமிர சபை, திருவாலங்காடு ரத்தின சபை, ஐந்தாவது இது. மற்ற சபைகளில் நடராஜர் சிலையாக இருப்பார். இங்கே மட்டும் சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சுற்றுச்சுவர்களிலும் புராணக் காட்சிகள் ஓவியமாகவே இருக்கின்றன. குற்றாலத்துக்குப் பத்து தடவை வந்தவர்களில் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

இந்த மலையையும் அருவியையும் தமிழ் இலக்கியத்தில் அழியாமல் வைத்தது 'திருக்குற்றாலக் குறவஞ்சி'. தென்காசியை ஒட்டிய மேலகரத்தைச் சேர்ந்த திரிகூட ராசப்பக் கவிராயர், 18-ம் நூற்றாண்டில் எழுதியது. வசந்தவல்லி என்ற பெண்ணின் காதலையும், அவளுக்குக் குறி சொல்ல வரும் குறத்தியின் மலைவளத்தையும் பாடுகிறது. 20-ம் நூற்றாண்டில் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே வந்து வாழ்ந்தார். ராஜாஜி, கல்கி எல்லாம் அவரைப் பார்க்க இங்கே வந்து தங்கியவர்கள். 1954-ல் மறைந்த டி.கே.சி.க்கு குற்றாலத்தில் நினைவிடம் இருக்கிறது.

செங்கோட்டை: கேரளாவில் இருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர்

இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் செங்கோட்டை, ஒரு காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். மொழிவாரி மாநிலங்கள் பிரிக்கப்பட்ட 1956 நவம்பர் 1-ல்தான் செங்கோட்டை தாலுகாவின் தமிழ்ப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தமிழ்நாட்டின் தெற்கு எல்லைப் போராட்டம் பற்றிப் பேசும்போது கன்னியாகுமரியோடு சேர்த்து செங்கோட்டையையும் சொல்வது இதனால்தான்.

சுதந்திரப் போராட்ட வீரர் வாஞ்சிநாதன் பிறந்த ஊரும் இதுதான். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார். அவருக்கு செங்கோட்டையில் நினைவு மண்டபம் இருக்கிறது.

ரயில் பிரியர்களுக்கும் இது முக்கியமான ஊர். செங்கோட்டையில் இருந்து புனலூர் வழியாகக் கொல்லம் போகும் மலை ரயில் பாதை 1904-ல் திறக்கப்பட்டது. சுரங்கங்கள், பள்ளத்தாக்குகள், கழுதுருட்டியில் 13 கண் பாலம் என்று ஜன்னல் ஓரத்தை விட்டு நகர மனசு வராது. மீட்டர் கேஜில் ஓடிய இந்தப் பாதை 2010-ல் மூடப்பட்டு, அகலப்பாதையாக மாறி 2018-ல் மீண்டும் ஓடத் தொடங்கியது.

பிரானூர் பார்டர் பரோட்டாவுக்குப் பெயர் வந்த கதையும் இதில் அடக்கம். சமஸ்தானமும் ஆங்கிலேயர் பகுதியும் சந்தித்த எல்லை இது. எல்லை மாறி 60 ஆண்டுக்கு மேல ஆச்சு. பெயர் மட்டும் மாறவே இல்லை.

ஒரு நாள் கூடுதலா இருந்தா எங்கே போகலாம்?

கடையம்: பாரதியாரின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியில் இருந்து திரும்பிய பாரதி 1918 முதல் 1920 வரை இங்கே வாழ்ந்தார்.

பொட்டல்புதூர்: கடையம் அருகே இருக்கும் தர்கா. முஸ்லிம்களோடு இந்துக்களும் நேர்ச்சை செலுத்த வரும் இடம்.

திருமலைக்கோயில்: பண்பொழி அருகே மலை உச்சியில் முருகன். படியிலும் ஏறலாம், வாகனத்திலும் போகலாம். மேலிருந்து பார்த்தால் வயல்களும் குளங்களும் தென்னந்தோப்பும் ஒரே பார்வையில் தெரியும். இலஞ்சி, ஆய்க்குடி முருகன் கோயில்களும் பக்கத்தில்தான்.

சுந்தரபாண்டியபுரம்: 'ரோஜா' படம் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். சீசன் நேரத்தில் சூரியகாந்தி பூத்தால் ரோட்டோரம் செல்ஃபி கூட்டம்தான். வயலுக்குள் இறங்கிச் செடியை மிதித்துவிடாதீங்க. அது ஒரு விவசாயியின் வருமானம்.

நெற்கட்டும்செவல்: 1750-களிலேயே கம்பெனிக்கும் நவாப்புக்கும் வரி கட்ட மறுத்த பூலித்தேவனின் ஊர்.

சங்கரன்கோவில்: பாதி சிவன், பாதி விஷ்ணுவாக சங்கரநாராயணர். ஆடித்தபசு திருவிழாவுக்குப் பெயர் பெற்றது.

இவை எல்லாம் இப்போது ஒரே மாவட்டத்தில். திருநெல்வேலியில் இருந்து பிரிந்து, 2019 நவம்பர் 22-ல் 33-வது மாவட்டமாகத் தென்காசி உதயமானது. சான்றிதழுக்கும் மனுவுக்கும் சிவகிரியில் இருந்து நெல்லை வரை ஓடிய காலம் முடிந்தது. தென்காசி பக்கத்து மத்தளம்பாறை கிராமத்தில் ஜோஹோ சாஃப்ட்வேர் நிறுவனம் அலுவலகம் தொடங்கியதும், ஊர்ப் பிள்ளைகள் சிலருக்கு சென்னை, பெங்களூரு போகாமலே வேலை என்ற வழி திறந்தது.

அருவியில திடீர்னு வெள்ளம் எப்படி வருது?

இது எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் மக்கள் குளித்துக்கொண்டிருந்தபோது திடீரென வெள்ளம் பாய்ந்தது. 17 வயது சிறுவன் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அது சீசனே இல்லை, கோடை மழைக்காலம்.

'இங்கே மழையே இல்லையே, எப்படி வெள்ளம்?' என்பதுதான் பலருடைய கேள்வி. பதில் மலைக்கு மேல இருக்கு. அருவிக்குத் தண்ணீர் வருவது நாம் நிற்கும் இடத்தில் பெய்யும் மழையால் இல்லை. மேலே காட்டுக்குள் பெய்யும் மழையால். மலை செங்குத்தாக இருப்பதால், அங்கே கொட்டிய மழை தேங்கி நிற்க இடமில்லாமல் கொஞ்ச நேரத்திலேயே கீழே வந்துவிடும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருவது இப்படித்தான். தண்ணீர் கலங்கலாக மாறினாலோ, குச்சியும் இலையும் சேர்ந்து வந்தாலோ, சத்தம் கூடினாலோ, ஒரு நொடியும் யோசிக்காமல் வெளியே வந்துவிடுங்க. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று போலீஸாரோடு வாதாட வேண்டாம்.

இன்னொரு பக்கம், அருவிக்கே ஆபத்து நம்மால் வருகிறது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பிளாஸ்டிக் எல்லாம் இந்தத் தண்ணீரில்தான் கலந்தன. நீதிமன்றம் தலையிட்ட பிறகு அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்குத் தடை வந்தது. சில தனியார் விடுதிகள் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி செயற்கை அருவிகள் அமைத்த விவகாரமும் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. மேலே ஓடையைத் திருப்பினால், கீழே அருவியும் குறையும்; குளமும் வயலும் காயும்.

எப்போ போகலாம்? எப்படிப் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை சாரல் சீசன். ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் அரசு சார்பில் சாரல் விழா நடக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் நிறைய வரும். வெள்ள அபாயமும் அதிகம். கிளம்பும் முன் அன்றைய தடை அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்க. சென்னையில் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி காலையில் தென்காசி வந்து சேரும். நெல்லையில் இருந்து பஸ்ஸும் ரயிலும் உண்டு. கூட்டம் வேண்டாம் என்றால் வார நாட்களில் அதிகாலையில் அருவிக்குப் போய்விட்டு, மாலையில் கோயிலுக்குப் போங்க.

பராக்கிரம பாண்டியன் அன்று கேட்டது கோயிலுக்காக. கோபுரம் உடைந்து, பல தலைமுறை காத்திருந்து, கடைசியில் ஊர்கூடி எழுப்பி அந்த வேண்டுகோளை நிறைவேற்றினார்கள். கல்லில் கட்டியதை மீண்டும் கட்டலாம். காட்டையும் ஓடையையும் இழந்துவிட்டால், எத்தனை நன்கொடை வசூலித்தாலும் ஒரு அருவியைக் கட்ட முடியாது. அடுத்த தடவை குற்றாலம் போகும்போது, தென்காசியில் ஒரு மணி நேரம் இறங்கி அந்தக் கோபுரத்தை அண்ணாந்து பாருங்க. காப்பாற்றுகிறவர் காலில் விழுகிறேன் என்று அந்த ராஜா சொன்னது, அருவியில் பிளாஸ்டிக் கவரைப் போடாமல் கையில் எடுத்து வருகிறவருக்கும் பொருந்தும்.